உணவுக் கழிவில் ஒரு முனைவர் பட்டம்: சிங்கப்பூரில் படித்தவளின் அனுபவம்

சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டம் படிக்கச் சிங்கப்பூர் வரலாமா என்று ஊரிலிருந்து கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்தப் பொருளோடு நாலு வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். தண்ணீரா, கசடா, பிளாஸ்டிக்கா, மரத்தூளா, சூரியத் தகடா? பல்கலைக்கழகத்தின் தரவரிசை, உதவித்தொகை, விசா எல்லாம் அதற்கு அடுத்தது. என்னுடையது உணவுக் கழிவு. ஹாக்கர் சென்டரில் (வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பொது உணவு மையம்) தட்டில் மிஞ்சும் சோறு, மீ (நூடுல்ஸ்), எலும்பு, முட்டை ஓடு, கூடவே வந்து சேரும் டிஷ்யூ பேப்பர். அதைக் காற்றுப் படாமல் நுண்ணுயிர்களுக்குக் கொடுத்து எரிவாயு எடுப்பது, எடுத்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்வது, இவ்வளவு பாடும் இந்த ஊரில் குப்பையை எரிக்கும் எரியாலைக்கு அனுப்புவதைவிட உண்மையிலேயே மேலானதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. 2018 ஆகஸ்டில் சேர்ந்து 2022 கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

இந்தப் பக்கம் நான் வந்தது திருப்பூர் வழியாக. எம்.டெக். முடித்ததும் அங்கே சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிலையில் ஓடிய ஆலைகள் அவை. தண்ணீரைச் சுத்தமாக்கி மறுபடி சாயத்துக்கே அனுப்பிவிடலாம், அது முடிகிறது. ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் கசடும் மூட்டை மூட்டையாக ஷெட்டில் ஏறிக்கொண்டே போகும். ஒரு கழிவைச் சரிசெய்தால் இன்னொரு கழிவு எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

சிங்கப்பூரை நான் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். இங்கே மிச்சத்தைத் தள்ளி வைக்க இடமே கிடையாது. எரியக்கூடிய குப்பையெல்லாம் எரியாலைக்குப் போகிறது, எரித்தால் கன அளவு பத்தில் ஒரு பங்குக்குக் குறைகிறது, சாம்பலைத் துவாஸிலிருந்து படகில் ஏற்றிச் செமக்காவ் தீவுக்குக் கொண்டு போகிறார்கள். 1999இல் திறந்த அந்த நிரப்பு நிலம் 350 ஹெக்டேர், கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டி உருவாக்கியது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. அதற்கு அடுத்து இன்னொரு செமக்காவுக்கு எங்கே போவது? 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தச் சின்னத் தீவில் சேர்ந்த உணவுக் கழிவு 744,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 சதவீதம்தான். ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால் அதை நாளைக்கே பயன்படுத்தத் தயாராக ஆட்கள் இருக்கும் ஊர் இது என்று எனக்குத் தோன்றியது. நாலு வருஷம் கழித்தும் அந்த எண்ணம் மாறவில்லை.

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் கைடு என்போம், இங்கே எல்லாருக்கும் ப்ரொஃப்தான். ப்ரொஃப் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார், எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட அதிகம் சொல்பவை அவரிடம் படித்து முடித்தவர்களின் ஆய்வேடுகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கின்றன, பலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கடைசியாக வந்த மூன்றை எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டுச் செய்முறை அத்தியாயத்தையும் நன்றியுரையையும் படியுங்கள். மாதிரி எங்கிருந்து வந்தது, எந்தக் கருவி அவர்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது, எதற்கு வெளியே போய் வரிசையில் நின்றார்கள், போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்) யாராவது கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தாரா, எல்லாம் அங்கே தெரியும். அப்புறம் அந்த ஆய்வகத்தில் இப்போது மூன்றாம் நான்காம் ஆண்டில் இருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். ப்ரொஃப் நல்லவரா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். உங்கள் வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், திட்டப்பணிக்கான பணம் எப்போது முடிகிறது, வாயுவைப் பிரித்து அளக்கும் கேஸ் க்ரோமட்டோகிராஃபில் உங்கள் முறை வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே முழுநேர முனைவர் மாணவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஓர் உதவித்தொகையில்தான் இருக்கிறார்கள்: பல்கலைக்கழகங்களின் ஆய்வு உதவித்தொகை, வெளிநாட்டு மாணவர்களுக்கான சிங்கா, இன்னும் சில. கட்டணமும் போய், மாதம் செலவுக்கும் ஒரு தொகை வரும், பொதுவாக நாலு வருஷத்துக்கு. ஒரு ஆளுக்கு அது போதும், ஊருக்குக் கொஞ்சம் அனுப்பவும் முடியும், குடும்பத்தைக் கூட்டி வந்து வைத்துக்கொள்வது கஷ்டம். வளாக விடுதி கிடைக்கவில்லையென்றால் பூன் லே, ஜூரோங் வெஸ்ட், கிளமெண்டி பக்கம் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டில் அறை எடுக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தில் சமையலுக்கு அனுமதி உண்டா என்பதைப் பாருங்கள். குறைந்த சமையல் மட்டும் என்று போட்டிருந்தால் வெந்நீரும் நூடுல்ஸும் என்று அர்த்தம், தாளிக்க முடியாது. நாலு வருஷம் தாளிக்காத சாப்பாடு என்பது உடம்பையும் மனசையும் சேர்த்துப் பாதிக்கிற விஷயம், இதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

உணவுக் கழிவு பற்றிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் "பல்கலைக்கழக உணவகத்தில் சேகரித்தது" என்று ஒரே வரியில் மாதிரியை முடித்துவிடுவார்கள். சிலர் சோறு, காய், இறைச்சி, எண்ணெய் என்று வாங்கி வந்து அரைத்துத் தாங்களே செயற்கையாகக் கழிவு தயாரிப்பார்கள். அதில் தப்பில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஆனால் என் கேள்வி இந்த ஊரின் கழிவைப் பற்றியது என்பதால் ஹாக்கர் சென்டருக்கே போவது என்று முடிவு செய்தேன். நடத்துபவர்களிடம் அனுமதி வாங்கி, ப்ரொஃப் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு, மூடி போட்ட வாளிகளும் கையுறையுமாகப் போய் நின்றபோது, அங்கே தட்டு எடுக்கும் வேலையில் இருந்த அறந்தாங்கிக்கார அண்ணன் ஒருவர் நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த ராக்குல எலும்பு அதிகம்மா. அந்தப் பக்கம் ஹலால் ராக்கு, சோறும் கொழம்புமா வரும். ரெண்டையும் ஒண்ணா அள்ளிட்டுப் போனா உனக்கு என்ன தெரியப்போவுது?"

மாதிரியை அடுக்கு அடுக்காகப் பிரித்து எடுப்பது பற்றிப் புள்ளியியல் வகுப்பில் படித்ததைத்தான் அவர் சொன்னார். இங்கே தட்டு வைக்கும் அடுக்குகள் ஹலால், ஹலால் அல்லாதது என்று தனித்தனியாக இருக்கும். அந்த இரண்டையும் தனித்தனியாகவும், காலை, மதியம், இரவு என்று வேளை பிரித்தும் எடுக்கத் தொடங்கினோம். காலை வாளியில் காயா டோஸ்ட்டும் முட்டை ஓடும், மதியம் சோறு, இரவில் சூப்பும் எலும்பும். டுரியான் பருவத்தில் ஒரு மாதிரி, நோன்பு மாதத்தில் ஒரு மாதிரி, சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் இன்னொரு மாதிரி. எந்த வாளியில் எண்ணெய் அதிகமாக இருக்கும், எந்தக் கடை சூப்பைத் தனியாக ஊற்றும் என்பதெல்லாம் அந்த அண்ணனுக்கும் அங்கே பாத்திரம் கழுவும் சீன ஆன்ட்டிக்கும் தெரிந்த அளவுக்கு எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது. என் செய்முறை அத்தியாயத்தின் அடிப்படையே அவர்கள் சொன்னதுதான். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்கள் பெயரும் இருக்கிறது.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. பராட்டா கடைக்காரர் பொரித்த எண்ணெயைத் தனியாக டின்னில் பிடித்து வைக்கிறார், ஏனென்றால் அதை வாங்கிப் போக ஆள் வருகிறது, அது டீசலாக மாறுகிறது. தட்டில் மிஞ்சிய சோற்றுக்கு விலை இல்லை, அதனால் அதைத் தனியாகப் பிடித்து வைக்க யாருக்கும் நேரமும் இல்லை. மீள்பயன் வளங்கள் என்று பாடத்தில் படிக்கும் எதுவும் விலை வந்த பிறகுதான் வளமாகிறது, அதுவரைக்கும் அது குப்பைதான். ஆய்வுக் கேள்வி எழுதும்போது இதை ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

வாளி ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை எலும்பு, குச்சி, பிளாஸ்டிக் பொறுக்குவது. அதையும் எடைபோட்டுக் குறித்து வையுங்கள், ஏனென்றால் நிஜமான ஆலையில் அரவை இயந்திரத்தை நிறுத்துவது அவைதான். பிறகு அரைத்து, 105 டிகிரி ஓவனில் காயவைத்து மொத்தத் திடப்பொருள், 550 டிகிரி உலையில் எரித்து அதில் ஆவியாகும் பங்கு. இதை அன்றன்றே செய்துவிட வேண்டும். மீதியை உறையவைக்கலாம், ஆனால் உறைந்து உருகிய உணவில் செல்கள் உடைந்து கரையும் பகுதி கூடிவிடும், நுண்ணுயிர்களுக்கு அது கொஞ்சம் முன்பே மென்று கொடுத்த உணவு. அதனால் எல்லா மாதிரிகளையும் ஒரே விதமாக உறையவையுங்கள், எத்தனை நாள் உறைந்திருந்தது என்பதை டப்பா மேல் எழுதுங்கள்.

அடுத்து நேரம். முனைவர் பட்டத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை, அதனால் நான் போடுகிறேன். தொடர்ந்து ஓடும் டைஜெஸ்டரில் (நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கும் மூடிய கலன்) உணவு சராசரியாக 25 நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்ல அப்படி மூன்று சுற்றாவது ஓட வேண்டும், அதாவது 75 நாள். நாலு விதமான தீனி அளவைப் பார்க்க நினைத்தால் 300 நாள், எதுவும் இடையில் கெடாமல் இருந்தால். அதற்கு முன்னால் புட்டியில் செய்யும் மீத்தேன் திறன் சோதனை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மாதம், மூன்று மூன்று புட்டியாக, தீனி போடாத வெற்றுப் புட்டிகளும் செல்லுலோஸ் போட்ட ஒப்பீட்டுப் புட்டிகளும் சேர்த்து. (செல்லுலோஸ் புட்டியை வேண்டாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஒரு கிராமுக்குக் கோட்பாட்டின்படி சுமார் 415 மில்லிலிட்டர் மீத்தேன் வர வேண்டும். அதில் பெரும்பகுதி வராவிட்டால் நுண்ணுயிர்களுக்காக நீங்கள் சேர்த்த கசடு சரியில்லை, அல்லது ரப்பர் மூடி கசிகிறது, மற்ற புட்டிகளின் எண்ணையும் நம்ப முடியாது.) நாலு வருஷத்தில் முதல் வருஷம் பாடங்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அபாய மதிப்பீட்டுப் படிவங்களுக்கும் போகும், கடைசி ஆறேழு மாதம் எழுதுவதற்கு. நடுவில் இருப்பதைத்தான் பங்கு போட முடியும். ஆகவே எத்தனை கேள்வி என்பதை நுண்ணுயிர்தான் முடிவு செய்கிறது. முதல் மாதத்திலேயே சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி மாட்டி, எந்தக் கலன் எந்தத் தேதி வரை ஓடும் என்று கோடு போட்டுவிடுங்கள்.

கலனில் முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டுவரும் தொடக்கக் கசடும் தன் நேரத்தைக் கேட்கும். கழிவுநீர் ஆலையிலிருந்துதான் வாங்க வேண்டும், அதற்கு அனுமதி, பாதுகாப்பு விளக்கம், பூட்ஸ், வாகனம் என்று வாரக்கணக்கில் ஆகும். அங்கே இருக்கும் பொறியாளர்களிடம் நின்று பேசுங்கள். உணவுக் கழிவையும் கழிவுநீர்க் கசடையும் ஒன்றாகச் செரிக்கவைக்கும் முயற்சியை இந்த ஊர் உலு பாண்டானில் நாளுக்கு 40 டன் வரை கொள்ளும் ஒரு சோதனை நிலையத்தில் செய்து பார்த்திருக்கிறது. துவாஸில் எழும்பும் நெக்ஸஸ் திட்டமும் அந்த வழிதான்: கழிவுநீர் ஆலையும் குப்பை ஆலையும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்கு உணவு. ஏன் இரண்டையும் கலக்க வேண்டும்? உணவுக் கழிவை மட்டும் தனியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சில மாதம் அருமையாக ஓடும், பிறகு அமிலம் ஏறத் தொடங்கும். புரதம் அதிகம் என்பதால் அமோனியா சேரும், அதைத் தாக்குப்பிடித்து வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட், செலீனியம் போன்றவை துளித்துளியாவது வேண்டும், உணவில் அவை போதாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2012இல் இதைத் தெளிவாகக் காட்டியது. கழிவுநீர்க் கசட்டில் அந்த நுண்தனிமங்கள் ஓரளவு இருக்கின்றன. இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், குறுகிய காலச் சோதனையில் வெற்றி பெறும் எத்தனையோ யோசனைகள் ஆறாவது மாதத்தில் நிற்கின்றன. முடிந்தால் ஒரு கலனையாவது நாலு வருஷமும் நிறுத்தாமல் ஓட்டுங்கள். என் ஆய்வேட்டில் மிகவும் உதவியது அப்படி ஓடிய கலனின் பதிவேடுதான்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் விளக்க நான் ரொம்பச் சிரமப்படவே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. "அப்ப மாட்டு வயித்த டப்பாவுல செஞ்சு வச்சிருக்க, திடீர்னு தீனிய மாத்துனா உப்புசம் வரும்ல?" என்றார். வரும். மாட்டின் முதல் இரைப்பையில் நடப்பதும் என் கலனில் நடப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை, தீனியை மெதுவாக மாற்ற வேண்டும் என்பதும் ஒன்றேதான். கரைத்தல், அமிலமாக்கல், அசிட்டேட் ஆக்கல், மீத்தேனாக்கல் என்று நாலு படிகள், முதல் இரண்டும் வேகம், கடைசியில் இருப்பவை நிதானம். முன்னால் இருப்பவை அவசரப்பட்டால் பின்னால் அமிலம் தேங்கும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிமுறியடிப்புத் திட்டம், அதாவது இந்த ஊர் கொரோனா ஊரடங்கு. ஆய்வகம் பூட்டு. ஓடும் கலன்களுக்குத் தீனி போட மட்டும் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் அனுமதி வாங்கினோம். தீனி போடுவதைக்கூட சமாளித்தோம், பொருளே மாறிவிட்டதுதான் பெரிய விஷயம். ஹாக்கர் சென்டரில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, எல்லாம் பொட்டலம், தட்டு மிச்சம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த ஆண்டு நாட்டின் மொத்த உணவுக் கழிவே 665,000 டன்னாகக் குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரிலிருந்து ஹாக்கர் சென்டரில் தட்டைச் சாப்பிட்டவரே திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை என்று வந்தது. வாளிகளின் போக்கே மாறியது. முதல் நாளிலிருந்து தேதி, வேளை, வானிலை, பண்டிகை, எந்த அடுக்கு என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்ததால் இந்த இரண்டு மாற்றங்களும் எனக்கு ஓர் அத்தியாயமாகவே ஆயின. குறிப்பேட்டில் இன்றைக்கு எதற்கும் உதவாது என்று தோன்றும் வரியையும் எழுதி வையுங்கள்.

தகுதித் தேர்வு இரண்டாம் ஆண்டுக்குள் வந்துவிடும். அறிக்கை, வாய்மொழி, குழுவின் கேள்விகள். எனக்கு வந்ததில் கனமான கேள்வி நுண்ணுயிரைப் பற்றியது அல்ல. "எரிவாயு எடுத்த பிறகு மிஞ்சும் குழம்பை எங்கே கொட்டப் போகிறீர்கள்?" ஜெர்மனியிலோ நம் ஊரிலோ வயலுக்கு உரமாகப் போட்டுவிடலாம். சிங்கப்பூரில் விவசாய நிலம் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். வயல் இல்லை, ஆகவே அந்தக் குழம்பிலிருக்கும் அமோனியா கழிவுநீர் ஆலைக்கே திரும்பிப் போக வேண்டும், அதை நீக்க மின்சாரம் செலவாகும். திருப்பூர் ஷெட்டில் பார்த்த அதே மிச்சம் இங்கே திரவமாக வந்து நின்றது.

அந்தக் கேள்விதான் என்னை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்குள், அதாவது ஒரு முறையின் சுற்றுச்சூழல் பாதிப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூட்டிப் பார்க்கும் கணக்குக்குள், இழுத்தது. இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மென்பொருளில் இருக்கும் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பாவுடையவை. அவற்றை அப்படியே எடுத்துச் சிங்கப்பூருக்கு விடை சொன்னால் விடை தவறாகும். இங்கே மின்சாரத்தில் 95 சதவீதம் அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, நிலக்கரி அல்ல, ஆகவே நீங்கள் தயாரிக்கும் மின்சாரம் தவிர்க்கும் கரியமில வாயுவின் அளவு குறைவு. எதிரே இருப்பது குப்பைமேடு அல்ல, மின்சாரம் எடுக்கும் எரியாலை. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் சேர்ப்பது, குழாயில் சில சதவீதம் கசிந்தாலே நன்மையில் பெரும்பகுதி போய்விடும். இவ்வளவையும் சேர்த்தபோது என் முடிவு நான் சேரும்போது நினைத்த அளவுக்குப் பிரகாசமாக இல்லை. கழிவைப் பிரித்த இடத்துக்கும் ஆலைக்கும் உள்ள தூரம், கசிவு, அமோனியாவை நீக்கும் முறை, இந்த மூன்றும் சரியாக இருந்தால் மேலானது, இல்லையென்றால் எரியாலையே போதும் என்று எழுதினேன். நாம் விரும்பும் தொழில்நுட்பத்துக்குச் சாதகமாக, கணக்கில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற எல்லைக்கோட்டை நகர்த்தும் ஆசை எல்லா ஆய்வாளருக்கும் வரும். சுற்றுச்சூழல் துறையில் அதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் அந்த எண்ணை நம்பிக் கான்கிரீட் கொட்டுகிறார்கள்.

எழுதுவதைக் கடைசிக்கு வைக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது இன்னும் குறுகலானது: ஒரு சோதனை முடிந்த வாரத்திலேயே அதன் செய்முறையையும் படங்களையும் எழுதிவிடுங்கள், விவாதம் பிறகு வரட்டும். மூன்று வருஷம் கழித்து எந்த உலை, எந்த சல்லடை என்று யாருக்கும் நினைவிருக்காது.

தனிமை இருக்கும். தீனி போட வேண்டியிருப்பதால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போக முடியாது. எங்கள் ஆய்வகத்தில் சீனப் புத்தாண்டுக்கு நானும் ஓர் இலங்கைத் தமிழ் அண்ணாவும் கலன்களைப் பார்த்துக்கொள்வோம், தீபாவளிக்கு ஒரு மலேசியச் சீனத் தோழி பார்த்துக்கொள்வாள். இந்த மாற்று ஏற்பாட்டைச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி, சிராங்கூன் சாலையில் ஒரு காபி குடித்து, நாலு பேரிடம் தமிழில் வாய்விட்டுப் பேசிவிட்டு வந்தால் அடுத்த வாரம் ஓடும்.

வேலைக்கு வருகிறேன். பேராசிரியர் வேலை ஒன்றையே நினைத்துச் சேர வேண்டாம், இடங்கள் குறைவு. ஆனால் 2024இலிருந்து பெரிய ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் உணவு உற்பத்தியாளர்களும் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கையாள வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கரிம வரி 2019இல் கரியமில வாயு டன்னுக்கு 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி 2024இல் 25 வெள்ளியானது, 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என்று அறிவித்திருக்கிறார்கள். இவற்றை அளக்கவும் கணக்குக் காட்டவும் ஆள் தேவைப்படுகிறது. நேர்முகத் தேர்வுகளில் என் கட்டுரைகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "பிரிக்கிற வேலையை யார் செய்வார்கள், அவர்களுக்கு எவ்வளவு நேரம் கூடுதலாக ஆகும்?" என்று கேட்டார்கள். ராக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததால் ஒரு தட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, நெரிசல் நேரத்தில் எங்கே தேங்குகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு நான் பார்க்கும் வேலையும் அதைச் சுற்றித்தான்.

ஆகஸ்ட் சேர்க்கையை நினைப்பவர்கள் அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே ப்ரொஃப்களுக்கு எழுதத் தொடங்குங்கள். மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் உங்கள் பொருள் என்ன என்பதையும் அதை எங்கே கையால் தொட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: சர்க்கரை ஆலைச் சக்கையா, கோழிப்பண்ணையா, மரவள்ளிக் கிழங்கு ஆலையா. இரண்டாவதாக, அவருடைய மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. மூன்றாவதாக, நீங்களே செய்யத் தெரிந்த பரிசோதனைகள், பெயரோடு. மதிப்பெண் பட்டியலை இணைப்பில் வையுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.